512 யூனிட்: அந்தப் பன்னிரண்டை எங்கே பிடிப்பது?

குகைவாசி | குகை, சேலம் | 12 ஏப்ரல் 2025

இந்த முறை 512 யூனிட். கட்ட வேண்டியது 2,141 ரூபாய். போன கணக்கில் 470 யூனிட்டுக்கு 1,616 ரூபாய்தான் கட்டினேன். 42 யூனிட் கூடியதற்கு 525 ரூபாயா என்று கேட்டால், வீட்டில் ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைக் காட்டுகிறார்கள். ஃபிரிட்ஜ் என்கிறார் அம்மா. மோட்டார் என்கிறார் மனைவி. ஏசி மட்டும் இல்லை என்று சத்தியம் செய்கிறான் மகன். அவன் அறையில்தான் அது இருக்கிறது. மைத்துனர் நேரே சோலாருக்குப் போய்விட்டார்.

வீட்டில் இருப்பவை: ஒரு டன் ஏசி (இரவில் மட்டும்), நான்கு சீலிங் ஃபேன், பழைய ஃபிரிட்ஜ், 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர், கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற்ற ஒரு எச்.பி. மோட்டார், டிவி, வாஷிங் மெஷின், மின்வெட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர். "அறையை விட்டு வரும்போது விளக்கை அணையுங்கள்" வகை அறிவுரை வேண்டாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பார்க்க வழி வேண்டும். பிளக்கில் செருகி ஒவ்வொரு சாதனத்தையும் அளக்க, கடையில் விற்கிற பிளக் மீட்டர் வாங்கலாமா?

பொன்னம்மாபேட்டை_தறி | 12 ஏப்ரல் 2025

அளப்பதற்கு முன்னால் பில்லைப் படியுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500 யூனிட்டுக்கு மொத்தம் 1,805 ரூபாய். 501 ஆனதும் இரண்டாவது நூறுக்கு இருந்த பாதி விலைச் சலுகை பறிபோகிறது. 101ஆம் யூனிட்டிலிருந்தே 4.70 என்று போட்டுவிடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் போயிற்று. அதற்கு மேல் 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40.

ஆகவே உங்களுடைய கடைசிப் பன்னிரண்டு யூனிட்டின் விலை 336 ரூபாய். யூனிட் ஒன்று 28 ரூபாய்! சேலத்தில் யாரும் இந்த விலைக்கு மின்சாரம் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தால் தப்பு, 501க்கும் 520க்கும் நடுவில் நிற்கிற வீடுகள் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 2022 செப்டம்பருக்கு முன்னால் இருந்த கட்டணத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். 500க்கு 1,130 ரூபாய், 501 என்றால் 1,780க்கு மேல்.

நீங்கள் 20 யூனிட் குறைத்தால் 386 ரூபாய் மிச்சம். 180 யூனிட் எரிக்கிற என் வீட்டில் அதே 20 குறைந்தால் மிச்சம் 47 ரூபாய். யார் எந்தக் கருவியை வாங்கச் சொன்னாலும், நாம் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரம்பு நாளுக்கு 8.3 யூனிட், வாரத்துக்கு 58. ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரில் எண்ணைப் பார்த்து காலண்டரில் எழுதுங்கள். ஏழாவது வாரத்தில் 420 தாண்டியிருந்தால் மகனிடம் பேச வேண்டிய நேரம்.

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | அம்மாபேட்டை | 13 ஏப்ரல் 2025

தம்பி, பிளக் மீட்டர் வேண்டாம். ஏசிக்கும் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் அது பெரும்பாலும் பொருந்தாது. அவற்றைத் தவிர்த்துவிட்டு டிவியை அளந்து என்ன செய்யப்போகிறீர்கள்? வாசலில் இருக்கிற மீட்டரே போதும்.

மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். 3200 மீட்டர் என்றால், இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்த்து 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால், வீடு அந்த நிமிடத்தில் இழுக்கிற வாட் கிடைக்கும். 1600 மீட்டருக்கு 2250ஐ வகுக்க வேண்டும். வேகமாக மின்னினால் பத்து மின்னலுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது.

செய்யும் முறை: முதலில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். மீட்டருக்கு அப்பால் எல்லாம் அறுபட்ட பிறகும் மின்னினால், மீட்டரைச் சோதித்துத் தரும்படி எழுதிக் கொடுங்கள். அல்லது மெயினுக்கு முன்னாலேயே யாரோ ஒரு கம்பி எடுத்திருக்கிறார்கள். அடுத்து மெயினைப் போட்டு, வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு எண்ணுங்கள். அப்போதும் மின்னுகிறதா? சுவிட்ச் போடாமலேயே எரிகிற சங்கதிகள் அவை. பழைய வீடுகளில் சுவருக்குள் கம்பி நைந்து மண்ணுக்குக் கசிவதும் உண்டு. அது பில் பிரச்சினை மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கிற, உயிர்காக்கும் சாதனம் என்று சொல்கிற ஆர்.சி.டி. உங்கள் பலகையில் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுங்கள். மோட்டாரை ஓட்டும்போது ஒரு தடவை, ஹீட்டர் போட்டபோது ஒரு தடவை. ஏசியை மட்டும் போட்டவுடன் எண்ணாதீர்கள்; அறை குளிர்ந்து முக்கால் மணி நேரம் ஆன பிறகு எண்ணினால்தான் ராத்திரி முழுவதும் அது இழுக்கிற அளவு ஓரளவு தெரியும்.

குகைவாசி | 15 ஏப்ரல் 2025

புத்தாண்டு விடுமுறையில் வீட்டையே இருட்டாக்கிவிட்டேன். பாயசத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் திட்டியதை இங்கே எழுதவில்லை.

மெயின் அணைத்தால் மீட்டர் சும்மா இருக்கிறது, நல்லது. எல்லாச் சுவிட்சும் அணைத்து, ஃபிரிட்ஜையும் பிடுங்கிய பிறகு 18 விநாடிக்கு ஒரு மின்னல். மீட்டர் 3200. அதாவது 62 வாட். இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 90 யூனிட்! யாருமே பயன்படுத்தாத 90 யூனிட்!

தேடிப் பிடித்ததில் செட் டாப் பாக்ஸ் 12 வாட், வைஃபை பெட்டி 9, இன்வெர்ட்டர் கிட்டத்தட்ட 35. மிச்சம் சில்லறை. செட் டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் அதே அளவுதான் இழுக்கிறது. இன்வெர்ட்டரைப் பற்றி யாருமே சந்தேகப்படவில்லை. அது மின்சாரம் கொடுக்கிற சாதனம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | 15 ஏப்ரல் 2025

பேட்டரி எத்தனை வருடத்தது? தண்ணீர் அடிக்கடி குறைகிறதா? பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா?

குகைவாசி | 15 ஏப்ரல் 2025

ஆறு வருடம் இருக்கும். மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுகிறோம். தொட்டால் சூடுதான்.

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | 16 ஏப்ரல் 2025

முடிந்துவிட்ட பேட்டரி. நிறைந்த பேட்டரிக்கு இன்வெர்ட்டர் மிகக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். உங்களுடையது நிறைவதே இல்லை. கொடுப்பதையெல்லாம் சூடாகவும் ஆவியாகவும் விட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குறைவதும் அதனால்தான். பழைய பேட்டரியைக் கடையில் ஈயத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், புதியதில் அந்த விலையைக் கழித்துக்கொள்ளலாம். புதியது வேண்டாம் என்றால் இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்தே பிரித்துவிடுங்கள். பேட்டரியை வைத்துக்கொண்டு சுவிட்சை மட்டும் அணைத்துப் போடாதீர்கள். சார்ஜ் இல்லாமல் கிடக்கிற ஈய பேட்டரி சீக்கிரமே செத்துவிடும்.

இருபதாம்_வளைவு | ஏற்காடு | 17 ஏப்ரல் 2025

கீழே எல்லோரும் ஏசி, ஃபேன் என்று பேசுகிறீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் எங்கள் வீட்டில் சீலிங் ஃபேனுக்குக் கொக்கி கூட இல்லை. எங்கள் பில் முழுக்க வெந்நீர்.

கணக்கு எளிது. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். 18 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டரானாலும், எத்தனை நட்சத்திரமானாலும், தண்ணீர் கேட்கிற சூடு அதுதான். ஐந்து பேர் குளித்தால் நாளுக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 150. நட்சத்திரத்தில் வித்தியாசம் வருவது, காய்ந்த தண்ணீர் உள்ளே சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதில்தான். காலையில் போட்டு இரவு வரை அணைக்காத பழைய 25 லிட்டர் ஹீட்டர் நாளுக்குச் சுமார் ஒரு யூனிட்டைச் சுவருக்குக் கொடுத்துவிடும்.

எங்கள் பக்கம் காபித் தோட்டத்தில் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். சில்வர் ஓக் கிளை, காபிச் செடியின் கட்டை எல்லாம் விறகாகிவிடும். அதனால் இன்னும் பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் செம்பு பாய்லர் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் டிசம்பர், ஜனவரிக்கு அதுதான். புகைக்குழாயைச் சுத்தம் செய்கிற வேலை மட்டும் எரிச்சல். பக்கத்து எஸ்டேட்டில் கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தார்கள். வெயில் அடிக்கிற பிப்ரவரியில் கொதிக்கக் கொதிக்க வருகிறது. மூடுபனி இறங்கி நாலு நாள் நிற்கிற நவம்பரில், வெந்நீர் மிகவும் வேண்டியிருக்கும்போது, பச்சைத் தண்ணீர். உள்ளே இருக்கிற மின்சாரக் கம்பிச்சுருள்தான் காப்பாற்றுகிறது. சேலத்து விற்பனையாளர் காட்டுகிற மிச்சக் கணக்கை அப்படியே மலைக்கு எடுத்துவராதீர்கள்.

கம்பியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. மழைக்காலத்தில் இங்கே வோல்டேஜ் தாழ்ந்துவிடும். அதனால் பில் கூடுமா?

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | 17 ஏப்ரல் 2025

ஹீட்டருக்குக் கூடாது. மெதுவாகக் காயும், அவ்வளவுதான். யூனிட் கிட்டத்தட்ட அதே. மோட்டாரும் ஃபிரிட்ஜும்தான் தாழ்ந்த வோல்டேஜில் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். பில்லை விட வைண்டிங் எரிந்துபோகிற செலவுக்குப் பயப்படுங்கள்.

மல்லூர்_தோட்டம் | 18 ஏப்ரல் 2025

சேலத்து ஆழ்துளைப் போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு ஹீட்டர் உள்ளே ஒரு விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிகிறது. அதைச் சுரண்டி எடுத்தால் மின்கட்டணம் பாதியாகிவிடும் என்று எங்கள் மெக்கானிக் சொன்னார். உண்மையா?

இருபதாம்_வளைவு | 18 ஏப்ரல் 2025

பாதியெல்லாம் ஆகாது. கம்பிச்சுருள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கிற சூடு சுண்ணாம்பைத் தாண்டித் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. சூடு வெளியேறத் தாமதமாவதால் சுருள் அளவுக்கு மேல் சூடேறி எரிந்துபோகும். வருடத்துக்கு ஒரு சுருள் மாற்றுகிறவர்கள் சுரண்டட்டும். பில்லுக்காக என்று சொல்லிச் சுரண்டக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

மல்லூர்_தோட்டம் | 18 ஏப்ரல் 2025

ஏற்கெனவே கொடுத்தாயிற்று. போகட்டும், எங்கள் வீட்டுக் கதையும் தண்ணீர்தான். போரில் ஊற்று குறைந்ததால் கம்ப்ரசர் போட்டிருக்கிறோம். காற்றை உள்ளே அடித்து, அந்தக் காற்றோடு தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மேலே வர வேண்டும். இரண்டு எச்.பி. கம்ப்ரசர் மணிக்கு ஒன்றே முக்கால் யூனிட் தின்கிறது. இந்த மின்னல் முறையில் எண்ணிப் பார்த்தேன். தொட்டி நிறைய இரண்டு மணி நேரம். நாளுக்கு மூன்றரை யூனிட் தண்ணீருக்கு மட்டும். வீட்டில் மற்ற எல்லாம் சேர்ந்தே அவ்வளவு வராது.

பொன்னம்மாபேட்டை_தறி | 19 ஏப்ரல் 2025

ஊற்று எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பார்த்துவிட்டு, சின்ன நீர்மூழ்கி மோட்டார் இறக்க முடியுமா என்று விசாரியுங்கள். கம்ப்ரசரில் காற்றை அழுத்துகிறபோதே நிறையச் சக்தி சூடாக வீணாகிறது. சேறு வருகிற போர், குறுகலான குழாய் என்றால் வேறு வழியில்லை. அப்போது துணி துவைக்க, தொட்டி கழுவ என்று ஓடுகிற தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீர் வருகிற வீடுகளில் மேட்டூர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்துவிட்டு, மற்றதற்கெல்லாம் போரை ஓட்டுகிறார்கள். அதில் என்ன பெருமை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஓமலூர்_டீச்சர் | 21 ஏப்ரல் 2025

எல்லோரும் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற புது வகை) வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து ஃபேன். ஒன்று மூவாயிரம் ரூபாய். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஆகிறது. வாங்கலாமா? இன்னொன்று, சிலிண்டர் 880 ரூபாய்க்கு வந்துவிட்டது. இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் இலாபமா? தங்கை மாறிவிட்டாள், பெருமையாகச் சொல்கிறாள்.

பொன்னம்மாபேட்டை_தறி | 21 ஏப்ரல் 2025

டீச்சரம்மா, ஃபேன் முதலில். பழைய ஃபேன் 75 வாட், புதியது 32 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் குறையும். நீங்கள் நிற்பது 4.70 அடுக்கில், ஆகவே 169 ரூபாய். ஒரு ஃபேன் தன் விலையை எடுக்க மூன்று வருடம் ஆகும். இரண்டாவது ஃபேனையும் மாற்றினால் மொத்தம் 200க்குக் கீழே இறங்கிவிடுவீர்கள், அங்கே யூனிட் 2.35. அதன் மிச்சத்தில் பெரும்பகுதி பாதி விலைதான். நாள் முழுவதும் ஓடுகிற கூடத்து ஃபேன் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்ற நான்கும் பழுதானால் பார்த்துக்கொள்ளலாம். 600 யூனிட் எரிக்கிறவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருப்பேன்.

அடுப்பு விஷயம் இன்னும் சுவாரசியம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மற்றது சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் எண்பத்தைந்து சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு 135 யூனிட் போதும். 4.70 விலையில் 635 ரூபாய், இலாபம். 6.30 விலையில் 850 ரூபாய், சமம். 8.40 விலையில் 1,134 ரூபாய், நட்டம்.

உங்களுக்குச் சிலிண்டர் 43 நாள் வருகிறது என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் கூடும். 250 என்பது 440 ஆகும். பில் 470 ரூபாயிலிருந்து 1,427 ரூபாய். 957 ரூபாய் கூடுதல். கேஸில் மிச்சம் 1,232 ரூபாய். கையில் 275 ரூபாய் நிற்கும். இதையே 400 யூனிட் எரிக்கிற வீட்டில் செய்தால் 590க்குப் போய்விடும். பில் 1,175லிருந்து 2,796. கேஸில் மிச்சமான 1,232ஐக் கழித்தாலும் 389 ரூபாய் கைநட்டம். உங்கள் தங்கை எத்தனை யூனிட்டில் நிற்கிறார் என்று கேளுங்கள், பெருமைக்கு அப்புறம் பதில் சொல்லலாம்.

ஓமலூர்_டீச்சர் | 21 ஏப்ரல் 2025

அவள் வீட்டில் இரண்டு ஏசி. நான் கேட்கப் போவதில்லை, குடும்பத்தில் சமாதானம் முக்கியம். தோசைக்கும் புளிக்குழம்புக்கும் கேஸ், பால் காய்ச்சவும் குக்கருக்கும் இண்டக்ஷன் என்று பாதியாக வைத்துக்கொள்கிறேன். தோசைக்கல் இரும்புதான், ஆனால் நடுவில் மட்டும் கருகுகிறது.

வாடகைவீட்டான் | சூரமங்கலம் | 24 ஏப்ரல் 2025

உங்களுக்கெல்லாம் 2.35, 4.70 என்று அடுக்காவது இருக்கிறது. நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரே இணைப்பு, எங்களுக்கு உள்மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்குகிறார் வீட்டுக்காரர். இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் எரித்து 1,440 ரூபாய் கட்டுகிறேன். பக்கத்துப் போர்ஷனும் அதே அளவுதான். விளக்கை அணைப்பதைத் தவிர எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பொன்னம்மாபேட்டை_தறி | 24 ஏப்ரல் 2025

வீட்டுக்காரர் எவ்வளவு எரிப்பார்?

வாடகைவீட்டான் | 24 ஏப்ரல் 2025

300 இருக்கும்.

பொன்னம்மாபேட்டை_தறி | 25 ஏப்ரல் 2025

மூன்று குடும்பமும் சேர்ந்து 620 யூனிட். அதற்குப் பில் 3,069 ரூபாய். நீங்கள் இருவரும் கொடுப்பது 2,880. ஆக அவர் 300 யூனிட் எரித்துவிட்டுக் கையிலிருந்து போடுவது 189 ரூபாய்.

கோபப்படாதீர்கள், அடுத்த கணக்கையும் பாருங்கள். மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் உங்களுக்கு 141 ரூபாய், பக்கத்து வீட்டுக்கு 141, அவருக்கு 705. மொத்தமே 987! இப்போது இந்த வீடு வெளியே கொடுக்கிற 3,069ல் இரண்டாயிரம் ரூபாய் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. ஒரே இணைப்பில் மூன்று குடும்பத்தைக் கட்டியதற்கான தண்டம் அது. அவரிடம் "நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்" என்று போய் நிற்காமல், "நாங்கள் இருவரும் மாத வாடகையில் ஆளுக்கு இருநூறு ரூபாய் கூட்டித் தருகிறோம், தனி இணைப்பு வாங்குங்கள்" என்று பேசிப் பாருங்கள். அவருக்கு இரண்டு மாதத்துக்கு 800 வரும், 705 போகும். இப்போது 189 கொடுப்பவருக்கு இனி ஒன்றுமே இல்லை. உங்களுக்கு 1,440 போய் 541.

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | 25 ஏப்ரல் 2025

கணக்கு சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: தனிச் சமையலறை, தனி வழி உள்ள உண்மையான தனிக் குடித்தனத்துக்குத்தான் இது. ஒரே குடும்பம் சலுகைக்காக இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வதைப் பற்றி இங்கே யாரும் யோசனை கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

குகைவாசி | 27 ஏப்ரல் 2025

மைத்துனர் சோலாரை விடுவதாக இல்லை. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்கிறார்.

பொன்னம்மாபேட்டை_தறி | 27 ஏப்ரல் 2025

மானியம் உண்மை, 2024ல் வந்த மத்திய அரசுத் திட்டம். கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் வரும், மூன்றுக்கு இரண்டு மாதத்தில் 720. ஆனால் உங்கள் மொத்தப் பில்லே வருடத்துக்கு 11,000 ரூபாய்தானே? மானியம் போகக் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு அதை மிச்சம் பிடிக்கப் பத்து வருடம். 1,000 யூனிட்டுக்கு 6,870 கட்டுகிறவர் வைத்தால் மூன்று நான்கு வருடத்தில் எடுத்துவிடுவார். மைத்துனர் வீட்டுப் பில் எவ்வளவு?

குகைவாசி | 27 ஏப்ரல் 2025

அவர் வீட்டில் 1,100. புரிகிறது.

இன்னொரு விஷயம். மேல்மாடி அறையில் இரவு பதினொரு மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. ஏசி அந்தக் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டுகிறது. பகலெல்லாம் நாற்பது டிகிரி வெயிலைக் குடித்த தளம் அது. வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது பலன் தருமா?

மல்லூர்_தோட்டம் | 28 ஏப்ரல் 2025

தரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, பசை கலந்து இரண்டு கோட் அடித்தோம். மதியம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது, முன்பு முடியாது. மழை வந்தால் கரையும், வருடா வருடம் மாசியில் அடிக்க வேண்டும். விலை கொடுக்க முடிந்தால் கூரைக்கென்று விற்கிற வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள், சில வருடம் நிற்கும். அடித்த பிறகு அதில் வடகம், மிளகாய் காயப்போட்டு அழுக்காக்கினால் பலன் போய்விடும். இதை வீட்டில் சொல்லும் தைரியம் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

ஏசியை 24ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 2020லிருந்து வருகிற ஏசிகள் போட்டவுடன் 24ல்தான் நிற்கும், பையன்கள்தான் 18க்கு இறக்குகிறார்கள். ஒரு டிகிரிக்கு ஆறு சதவீதம் என்று மின்சாரச் சிக்கன அமைப்பே சொல்கிறது.

குகைவாசி | 12 ஜூன் 2025

கணக்கெடுத்துவிட்டார்கள். சித்திரை, வைகாசி வெயில் முழுவதையும் தாண்டி 488 யூனிட், 1,729 ரூபாய். போன வருடம் இதே மாதங்களில் 590க்கு மேல்.

பேட்டரியை மாற்றவில்லை, இன்வெர்ட்டரையே எடுத்துவிட்டோம். மின்வெட்டு வந்தால் சார்ஜ் விளக்கு போதும் என்று அம்மாவே சொன்னார். செட் டாப் பாக்ஸுக்குச் சுவரில் சுவிட்ச். மாடிக்குச் சுண்ணாம்பு. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வந்தது, ரப்பர் மாற்றினோம். இவற்றில் எது எத்தனை யூனிட் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே நேரத்தில் செய்துவிட்டோம். ஏழாவது வாரத்தில் 431 காட்டியது. கடைசி இரண்டு வாரம் மகன் கூடத்தில் படுத்தான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவனே எழுதச் சொல்கிறான்.

ஓமலூர்_டீச்சர் | 1 ஜூலை 2025

இன்றிலிருந்து 3.16 சதவீதம் உயர்வு என்று செய்தியில் வருகிறதே. நாம் போட்ட கணக்கெல்லாம் மாறுமா?

பொன்னம்மாபேட்டை_தறி | 1 ஜூலை 2025

வீடுகளுக்கு இல்லை, அரசே ஏற்றுக்கொள்கிறது. பழைய கட்டணமேதான். கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசமும் அப்படியே தொடர்கிறது.

வாடகைவீட்டான் | 6 ஜூலை 2025

வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். 189ஐ யாரும் அவரிடம் சொல்லவில்லை, 2,000 ரூபாய் வீணாவதை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இணைப்புச் செலவில் பாதியை நாங்கள் இருவரும் போட வேண்டும் என்கிறார். விண்ணப்பத்தில் எத்தனை கிலோவாட் கேட்பது? இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, ஒரு ஹீட்டர் இருக்கிறது. ஏசி இல்லை.

ஓய்வுபெற்ற_கம்பியாளர் | 6 ஜூலை 2025

ஹீட்டர் இரண்டு கிலோவாட், மற்றதெல்லாம் சேர்ந்து அரை கிலோவாட், மிக்சிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கொஞ்சம் இடம். ஒற்றை முனை இணைப்பில் மூன்று கிலோவாட் கேளுங்கள். வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும் கிலோவாட் கணக்கில்தான் வரும், அதிகம் கேட்டால் அதிகம் கட்ட வேண்டும். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிக்குத் தனி எர்த் போடாமல் கீழ் வீட்டுக் கம்பியில் கோத்துவிடுகிறேன் என்று எந்த ஒயர்மேன் சொன்னாலும் விடாதீர்கள்.